விதை போனதா, விதைத்தவர்கள் போனார்களா? மடிக்கணினியில் தொல் டிஎன்ஏ ஓட்டிப் பார்த்த பதிவு

எங்கள் பக்கத்தில் ஒரு புது நெல் ரகம் பரவ யாரும் ஊர் மாற வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து அரை மூட்டை விதைநெல் வரும். நன்றாக விளைந்தால் அடுத்த போகத்தில் தெருவே அதைத்தான் விதைத்திருக்கும். மாடு, கலப்பை, பிள்ளைகுட்டி என்று மொத்தக் குடும்பமாகக் கிளம்பி, காடு திருத்திப் பயிர் வைக்கப் போனவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் விதை புது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து அந்த மண்ணைத் தோண்டுகிறவருக்குக் கிடைப்பது கருகிய தானியமும் உடைந்த பானையும். எந்த வழியில் வந்தது என்று அவற்றை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். எலும்பு கிடைத்தால் சொல்லலாம்.

ஐரோப்பாவுக்குள் விவசாயம் போனது பற்றித் தொல்லியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடியது இந்தக் கேள்வியைத்தான். இன்று அதற்கு விடை உண்டு. இருந்தாலும், அந்த விடைக்குப் பின்னால் இருக்கும் தரவு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி திறந்து கிடக்கிறது என்று தெரிந்ததும், அதை என் கையால் ஓட்டிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. நான் மரபியல் படித்தவன் அல்ல, அலுவலகத்தில் தரவுத்தள வேலை பார்ப்பவன். 8 ஜிபி ராம் உள்ள ஒரு மடிக்கணினி, அதில் உபுண்டு, மாலை நேரங்கள் மூன்று வாரம். இதில் என்ன வந்தது, எங்கே தடுக்கி விழுந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1971இல் ஆல்பர்ட் அம்மர்மேனும் லூகா கவல்லி-ஸ்ஃபோர்சாவும் ஐரோப்பியப் புதிய கற்கால (உழவு தொடங்கிய காலத்து) ஊர்களின் கார்பன் காலக்கணிப்புகளை, மேற்காசியாவிலிருந்து அவை இருக்கும் தூரத்தோடு ஒப்பிட்டார்கள். விவசாயம் ஆண்டுக்குச் சுமார் 1 கி.மீ. வேகத்தில் முன்னேறியிருக்கிறது என்று கணக்கு வந்தது. ஒரு தலைமுறைக்கு 25 கி.மீ. மகன் அப்பாவின் நிலத்தைத் தாண்டி அடுத்த ஆற்றுக்கரையில் குடிசை போட்டால் போதும், இந்த வேகம் வந்துவிடும். 1978இல் கவல்லி-ஸ்ஃபோர்சா குழு இன்றைய ஐரோப்பியரின் இரத்த வகை போன்ற மரபுக் குறிகளை வைத்து வரைபடம் போட்டபோது, தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கி ஒரு சரிவு தெரிந்தது. ஆட்களே நகர்ந்தார்கள் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டினார்கள். ஆனால் பெரிய இடப்பெயர்ச்சி எதுவும் இல்லாமல், பக்கத்து ஊர்களுக்குள் கொண்டும் கொடுத்தும் வந்தாலே இப்படிப்பட்ட சரிவு தோன்றலாம் என்று 2008இல் நோவெம்பர், ஸ்டீஃபன்ஸ் இருவரும் கணித ரீதியாகக் காட்டினார்கள். இன்றைய மக்களின் இரத்தம் மட்டும் வழக்கை முடித்துவைக்காது, செத்தவர்களிடமே கேட்க வேண்டும் என்ற நிலை.

கேட்க முடிந்தது. மண்டையோட்டில் உள்காதைச் சுற்றி இருக்கும் கல்போன்ற எலும்பில் டிஎன்ஏ மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு நன்றாகத் தங்குகிறது என்று தெரிந்தபின் மாதிரிகள் குவிந்தன. 2014இல் இரண்டு பேரின் மரபணுத்தொகை ஒன்றாக வெளிவந்தது. ஒருவர் லக்ஸம்பர்கின் லோஷ்பூரில் கிடைத்த, ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைக்குடி ஆண். மற்றவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழவர்குடிப் பெண். 2015இல் வடமேற்குத் துருக்கியின் பார்ஜின் மேட்டிலிருந்து முதல் அனத்தோலிய (இன்றைய துருக்கிப் பகுதி) உழவர்களின் தரவும் வந்தது. என் ஓட்டம் முழுவதும் இந்த மூன்று புள்ளிகளைச் சுற்றித்தான்: பார்ஜின், லோஷ்பூர், ஸ்டுட்கார்ட்.

தரவு ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆய்வகம் தொகுத்து வைத்திருக்கும் ஆலன் தொல் டிஎன்ஏ தொகுப்பு. நான் எடுத்தது 54.1 பதிப்பு. இதற்குப் பின் வந்த 62ஆம் பதிப்பில் கோப்பின் உள்ளமைப்பையே மாற்றிவிட்டார்கள், பழைய கருவிகளோடு வேலை செய்யப் போகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். தொகுப்பில் இரண்டு பங்கு உண்டு. ஒன்றில் ஒவ்வொருவருக்கும், டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறக்கூடிய 12,33,013 இடங்கள் பார்க்கப்பட்டிருக்கும். மற்றதில் 5,97,573 இடங்கள்தான், ஆனால் இன்றைய மக்கள் நிறையப் பேர் அதில் இருக்கிறார்கள். ஒரு பைட்டில் நான்கு பேரின் எழுத்துகளை அடைத்து வைத்தும் பெரிய கோப்பு 5 ஜிபி. 16,000 பேருக்கு மேல் என்றால் சும்மாவா?

இதன் கோப்புகளைச் சொல்லிவிட்டால்தான் பின்னால் நடந்த கோளாறு புரியும். ஜீனோ கோப்பில் எண்கள் மட்டும்: ஓர் இடத்தில் குறிப்பெழுத்து எத்தனை பிரதி என்பதற்கு 0, 1, 2. தகவல் இல்லையென்றால் 9. அந்த எண் யாருடையது என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. ஸ்னிப் கோப்பில் ஒவ்வொரு இடத்தின் முகவரி. இண்ட் கோப்பில் ஒரு வரிக்கு ஓர் ஆள்: அடையாள எண், ஆணா பெண்ணா, எந்தக் குழு. ஜீனோவில் ஐநூறாவதாக வருகிறவர் யார் என்றால், இண்ட் கோப்பின் ஐநூறாவது வரியில் இருக்கிறவர். வரிசை ஒன்றுதான் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது.

இந்தக் கோப்புகளைப் படித்துக் கணக்குப் போடும் ஐகன்சாஃப்ட் மென்பொருளை நிறுவுவதில் பெரிய கதை இல்லை. ஜிஎஸ்எல், ஓப்பன்பிளாஸ் என்ற இரண்டு நூலகங்களின் டெவலப்மென்ட் தொகுப்புகள் இல்லாமல் கம்பைல் நின்றது, போட்டதும் ஓடியது. ஆர் மொழியில், கலப்பைக் கணக்கிடும் அட்மிக்ஸ்டூல்ஸ் 2ஐ நிறுவியதும் அப்படித்தான்.

அடுத்து, எனக்குத் தேவையான குழுக்களை மட்டும் ஐகன்சாஃப்டில் இருக்கும் கன்வர்ட்எஃப் என்ற கருவியைக் கொண்டு பிரித்தெடுக்க வேண்டும். குழுப் பெயர்களைத் தேடிப் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று இண்ட் கோப்பை எக்ஸெலில் திறந்தேன். குழுப் பெயர்ப்படி அகரவரிசையாக அடுக்கினேன். வேண்டியவற்றுக்கு என் சொந்தக் குறியீட்டைப் போட்டுச் சேமித்தேன். கன்வர்ட்எஃப் ஓட மறுத்தது. ஜீனோ கோப்பு உருவானபின் இண்ட் கோப்பு மாறியிருக்கிறது என்று ஒரு செய்தி. நான் குழுப் பெயரை மாற்றினேன் அல்லவா, அதைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அளவுருக் கோப்பில் ஹேஷ்செக் என்பதற்கு நேரே ‘நோ’ போட்டால் இந்தச் சோதனை நின்றுவிடும் என்று கண்டுபிடித்து, போட்டேன். ஓடியது.

அடுத்தது ஸ்மார்ட்பிசிஏ, அதாவது முதன்மைக் கூறு பகுப்பாய்வு. லட்சக்கணக்கான இடங்களில் இருக்கும் வேறுபாட்டை இரண்டு அச்சுகளில் சுருக்கிப் படமாகக் காட்டும். படம் வந்தது. கொத்துக் கொத்தாக, பார்க்க ஒழுங்காகவே வந்தது. அதுதான் ஆபத்து. மூலக் கோப்பிலும் ஒரே குழு ஆட்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருப்பார்கள். அதனால் பெயர்ப் பலகைகள் இடம் மாறினாலும் ஒரு பலகையின் கீழ் ஓரளவு ஒரே இனத்து ஆட்களே வந்து நிற்பார்கள். படத்தில் லோஷ்பூர் வேட்டையாடி மேற்காசியர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சார்டினியத் தீவுக்காரர்கள் ஐரோப்பியர் யாருக்கும் அருகில் இல்லை. இரண்டு இரவு அதற்கு விளக்கம் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன், குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன்.

பிறகு உயிர்த்தகவலியலில் ஆய்வு செய்யும் தம்பி ஒருவனுக்குப் படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தான். “அண்ணே, இண்ட் ஃபைல எக்ஸெல்ல தொறந்தீங்களா?”

“ஆமாப்பா. குரூப் பேரு மாத்தத்தான்.”

“சார்ட் பண்ணீங்களா?”

பண்ணினேன் என்றேன். “அப்போ ஆளுங்க எல்லாம் அவங்கவங்க எடத்துல இல்ல அண்ணே. ஒரு பொம்பளைய எடுத்து ஒய் குரோமோசோம் பாருங்க, தெரிஞ்சிரும்.”

அவன் சொன்ன சோதனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 12,33,013 இடங்களில் 32,670 இடங்கள் ஒய் குரோமோசோமில் இருக்கின்றன. ஸ்னிப் கோப்பில் அதற்கு 24 என்று எண். ஒய் ஆண்களிடம் மட்டுமே இருப்பது, அதனால் பெண்களுக்கு அந்த இடங்களில் ஏறத்தாழ எல்லாமே 9 ஆக இருக்க வேண்டும். நான் பிரித்தெடுத்த கோப்பில் ஸ்டுட்கார்ட் பெண்ணின் பெயருக்கு நேரே பார்த்தேன். 0, 2, 2, 0, 2 என்று எண்கள் வரிசையாக ஓடின. 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பெண்ணின் பெயரில் எந்த நாட்டு ஆணையோ நிறுத்தி வைத்து, அவருடைய வம்சத்தை நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஹேஷ் என்பது கோப்பில் இருப்பதை வைத்துக் கணக்கிடும் ஒரு சரிபார்ப்பு எண். இண்ட் கோப்பில் ஹேஷ் சோதனை ஆட்களின் அடையாள எண்களையும் அவை வரும் வரிசையையும் மட்டுமே பார்க்கிறது. குழுப் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அது கேட்காது. அதாவது அந்த எச்சரிக்கை வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், அதை நான் வாயடைத்துவிட்டேன். அதைவிட மோசம், கன்வர்ட்எஃப் புதுக் கோப்பு எழுதும்போது தப்பான வரிசைக்கே புது ஹேஷ் போட்டு முத்திரை குத்திவிடுகிறது. அதற்கப்புறம் எந்தக் கருவியும் எச்சரிக்காது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூலக் கோப்பிலிருந்து திரும்பத் தொடங்கினேன். இந்த முறை குழுப் பெயர் இருக்கும் மூன்றாம் பத்தியை மட்டும் மாற்றும் ஒரு சிறு ஸ்கிரிப்ட். மூல இண்ட் கோப்பு எழுத முடியாதபடி பூட்டப்பட்டது. ஹேஷ்செக் சோதனையை நிறுத்தவில்லை.

சரியான கோப்போடு வந்த படத்திலும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. பழைய மாதிரிகளில் பல, படத்தின் நடுப்புள்ளியை நோக்கி இழுபட்டிருந்தன. காரணம், பழைய எலும்பிலிருந்து எல்லா இடமும் படிக்கக் கிடைப்பதில்லை. தகவல் இல்லாத இடத்தில் சராசரியை வைத்து நிரப்பும்போது, எவ்வளவு குறை இருக்கிறதோ அவ்வளவு சராசரி மனிதராக அவர் தெரிவார். இதற்கு வழி, அச்சுகளை இன்றைய மக்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, பழையவர்களை அவர்களிடம் இருக்கும் இடங்களை மட்டும் வைத்து அதன்மேல் பதிப்பது. எல்எஸ்க்யூபிராஜெக்ட் என்ற அளவுருவுக்கு ‘எஸ்’ போட வேண்டும். அப்படிப் பதிக்கிறவர்களும் கொஞ்சம் உள்ளே சுருங்கித் தெரிவார்கள், அதைச் சரிக்கட்ட ஷ்ரிங்க்மோட் என்று இன்னொன்று. இரண்டும் போட்டபின் வந்த படத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

இன்றைய ஐரோப்பியர் ஒரு பட்டை, இன்றைய மேற்காசியர் அதற்கு ஏறத்தாழ இணையாக இன்னொரு பட்டை. லோஷ்பூர் ஆள் இரண்டிலும் இல்லை. ஐரோப்பியப் பட்டையையும் தாண்டி வெளியே, இன்று யாருமே வாழாத ஓரிடத்தில் நிற்கிறார். அவரைப் போன்ற கலப்பற்ற மக்கள் இன்று உலகில் இல்லை. பார்ஜின் உழவர்கள் படத்தின் கீழே ஒரு கொத்து. ஸ்டுட்கார்ட் பெண் லோஷ்பூருக்குப் பக்கத்தில் இல்லை. இத்தனைக்கும் லோஷ்பூருக்கும் ஸ்டுட்கார்டுக்கும் இடையில் சில நூறு கிலோமீட்டர்தான். அவர் 1,900 கி.மீ. தள்ளியிருக்கும் பார்ஜின் கொத்தோடு ஏறத்தாழ ஒட்டி நிற்கிறார். ஸ்பெயினின் முதல் உழவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். இன்றைய மக்களில் அந்தக் கொத்துக்கு மிக அருகில் சார்டினியர்கள்.

விதை மட்டும் கைமாறிப் போயிருந்தால் ஸ்டுட்கார்ட் பெண் லோஷ்பூர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பார்ஜின் மக்கள் கி.மு. 6500–6200 வாக்கில் வாழ்ந்தவர்கள், ஸ்டுட்கார்ட் பெண் கி.மு. 5300–5000 வாக்கில். நேர்கோட்டுத் தூரத்தை இடையிலுள்ள சுமார் 1,200 ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. 1971இன் கணக்கு எலும்பே இல்லாமல் போட்டது. அதற்கு இவ்வளவு அருகில் வந்து நிற்கிறதே என்று நான் அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் படம் கண்ணுக்குத்தான் சாட்சி. ஸ்டுட்கார்ட் மக்களிடம் வேட்டைக்குடி இரத்தம் துளிகூட இல்லையா, கொஞ்சம் உண்டா என்பதைப் படம் சொல்லாது. அதற்கு எஃப்4. நான்கு குழு வேண்டும்: தூரத்துச் சொந்தமாக ஆப்பிரிக்காவின் ம்புட்டி மக்கள், லோஷ்பூர், பார்ஜின், பிறகு சோதிக்கப்படும் ஜெர்மன் உழவர்கள். ஒவ்வோர் இடத்திலும் முதல் இருவரின் வித்தியாசத்தையும் பின் இருவரின் வித்தியாசத்தையும் பெருக்கி, எல்லா இடங்களுக்கும் சராசரி எடுக்க வேண்டும். ஜெர்மன் உழவர்கள் பார்ஜினின் நேரடிப் பிள்ளைகள் மட்டுமே என்றால் சராசரி பூச்சியத்தை ஒட்டி நிற்கும். லோஷ்பூர் பக்கத்து இரத்தம் ஏறியிருந்தால் நேர்மதிப்பாக நகரும். வந்த மதிப்பு பூச்சியம் இல்லை. மிகச் சிறியது, ஆனால் இசட் மதிப்பு (மதிப்பு அதன் பிழை எல்லையைப் போல எத்தனை மடங்கு என்பது) 3ஐத் தாண்டியது. தற்செயல் என்று தள்ள முடியாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பயம். பழைய டிஎன்ஏவில் சைட்டோசின் சிதைந்துபோய், படிக்கும்போது தைமினாகத் தெரியும். இழைகளின் முனைகளில் இது அதிகம். இரண்டு பழைய மாதிரிகள் ஒரே விதத்தில் சிதைந்திருந்தால் அதுவே சொந்தம்போலத் தோன்றலாம். அதனால் இந்தச் சிதைவு தொடக்கூடிய வகை மாற்றங்களை எல்லாம் நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டினேன். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இடங்கள்தான் மிஞ்சின, பிழை எல்லை அகன்றது. ஆனால் திசை மாறவில்லை.

பங்கு எவ்வளவு என்று சொல்வது க்யூபிஆட்ம். ஒரு குழுவை இரண்டு மூலங்களின் கலவையாக எழுத முடியுமா, முடிந்தால் எந்த விகிதம் என்று அது சோதிக்கும். ஒப்பிட வெளிக்குழுக்களின், அதாவது கலவையில் சேராத தூரத்துக் குழுக்களின், பட்டியல் ஒன்று தர வேண்டும். நான் சைபீரியாவின் உஸ்ட்-இஷிம், ரஷ்யாவின் கோஸ்டெங்கி, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவான்ட் பகுதியின் நாத்தூஃபியர், ஈரானின் கஞ்ச் தரே என்று பழைய மாதிரிகளை அடுக்கினேன். ஜெர்மனியின் முதல் உழவர்களுக்கு வேட்டைக்குடிப் பங்கு 5 சதவீதத்தை ஒட்டி வந்தது. வெளியான ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. அதே நிலத்தில் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டு கழித்து வாழ்ந்த உழவர்களை வைத்து ஓட்டினால் பங்கு பல மடங்கு ஏறுகிறது.

இந்த ஏற்றம்தான் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது. வந்தவர்கள் வந்தார்கள், இருந்தவர்கள் அழிந்தார்கள் என்று கதை முடிந்திருந்தால் ஏறுவதற்குப் பங்கே இருந்திருக்காது. ஜெர்மனியின் ஹாகன் அருகே பிளாட்டர்ஹோலே என்று ஒரு குகை. அங்கே உழவு வந்து ஏறத்தாழ 2,000 ஆண்டு கழித்தும் மீனையும் வேட்டையையும் நம்பி வாழ்ந்தவர்களின் எலும்பும், உழவர்களின் எலும்பும் ஒரே இடத்தில் கிடந்தன என்று 2013இல் ஒரு குழு காட்டியது. அங்கே கிடைத்த மாதிரிகளை ஓட்டினேன். வேட்டைக்குடிப் பங்கு பாதியை நெருங்கியது. ஏறத்தாழ எண்பது தலைமுறை இரண்டு மக்களும் ஒரே காட்டில் அருகருகே இருந்திருக்கிறார்கள். கலப்பு மெல்ல நடந்திருக்கிறது.

அந்தக் கலப்பு எங்கே நடந்தது? வழியில் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கனிலேயே கலந்துவிட்டு வந்தார்களா, போய்ச் சேர்ந்த இடத்தில் கலந்தார்களா? 2017இல் லிப்சன் குழு ஹங்கேரி, ஜெர்மனி, ஸ்பெயின் மூன்றையும் வைத்து இதைத்தான் பார்த்தது. நான் அதன் ஒரு துண்டை மட்டும் எடுத்தேன். எஃப்4இல் முதல் இருவராக ஸ்பெயினின் லா பிராஞா வேட்டையாடியையும் ஹங்கேரியில் கிடைத்த வேட்டைக்குடி மாதிரியையும் வைத்தேன். பின் இருவராக ஸ்பெயினின் புதிய கற்கால நடுப்பகுதி உழவர்களும் ஹங்கேரி உழவர்களும். ஸ்பெயின் உழவர்கள் லா பிராஞா பக்கம் சாய்ந்தார்கள். அவரவர் ஊர் வேட்டையாடிகளோடுதான் அவரவர் சம்பந்தம் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவும் ஐரோப்பாவுக்கு. இதே கேள்வியை இன்னும் கிழக்கே கொண்டுபோனால் விடை திரும்பிவிடுகிறது. அனத்தோலியாவிலேயே, பினர்பாஷியில் கிடைத்த ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைக்குடி மாதிரி ஒன்று 2019இல் வெளியானது. பின்னால் வந்த அனத்தோலிய உழவர்களின் மரபில் பெரும்பங்கு அந்த வேட்டைக்குடியினுடையதுதான். அங்கே இருந்தவர்களே உழவர்களாகியிருக்கிறார்கள். கஞ்ச் தரே மலைக்காரர்கள், லெவான்ட் உழவர்கள், அனத்தோலியர் மூவரையும் ஒரே படத்தில் போட்டால் மூன்று மூலையில் நிற்கிறார்கள். கோதுமையும் ஆடும் இவர்களுக்குள் கைமாறியிருக்கின்றன, ஆட்கள் பெருங்கூட்டமாக மாறவில்லை. அங்கே நடந்தது நம் சம்பந்தி வீட்டு விதைநெல் கதைக்கு நெருக்கமானது. ஐரோப்பாவில் நடந்தது காடு திருத்தப் போன கதை.

நம் பக்கத்துக்கும் ஒரு கண்ணி உண்டு. ஹரியானாவின் ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்து ஒரே ஒரு பெண்ணின் டிஎன்ஏ மட்டும் ஓரளவு கிடைத்தது. அவரிடமிருந்த ஈரானியத் தொடர்புள்ள மரபு, ஈரானில் உழவு தொடங்குவதற்கு முன்பே பிரிந்துபோன கிளை என்று 2019இல் வெளியான ஆய்வு சொன்னது. மேற்கிலிருந்து உழவர்கள் கூட்டமாக வந்து இங்கே விவசாயத்தை நட்டார்கள் என்ற பழைய கருத்துக்கு அது எதிர்சாட்சி. இன்றைக்கு நம்மில் பெரும்பாலோரிடம் அந்தக் கிளையின் பங்கு இருக்கிறது.

அவரை என் படத்தில் பதித்துப் பார்க்க நேற்று முயன்றேன். படிக்கக் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. வெளிக்குழுக்களோடு பொதுவாக இருக்கும் இடங்களை மட்டும் எடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் கிடைக்கும் இடங்களையெல்லாம் தனித்தனியே பயன்படுத்தும் முறையில் ஓட்ட வேண்டும். பட்டியலை எழுதிவிட்டேன். ஓட்டுவதற்கு முன், அவர் பெயருக்கு நேரே ஒய் குரோமோசோமைத் திறந்து பார்த்தேன். 9, 9, 9, 9 என்று கடைசி வரை போனது.